எது ‘முதலாவது போர்ட்’? சுவிட்ச்சில் பெயர் படிக்கும் முறை

வன்னியில் ஓர் அலுவலகத்தின் கணினி வலையமைப்பைச் சில காலம் தொலைவிலிருந்து பராமரித்தேன். ஒருநாள் பிற்பகல், அங்கிருந்த ஒரு கணினி தேவையற்ற தரவுகளை அனுப்பி வலையமைப்பையே மந்தமாக்கியது. “தம்பி, சுவிட்ச்சில முதலாவது போர்ட்டைக் கழற்றும்” என்று தொலைபேசியில் சொன்னேன். “கழற்றிட்டன் அண்ணை” என்றார். உடனே முழு அலுவலகமும் இணைப்பை இழந்தது. இணையத் தொடர்பில் கோளாறு என்றே நினைத்தேன். உண்மைக் காரணம் விளங்க ஒரு மணித்தியாலம் சென்றது. அதற்குள், போரில் தொலைந்த பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதி எடுக்க இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அம்மா வெறுங்கையுடன் திரும்பிவிட்டார்.

தவறு தம்பியுடையதல்ல. அந்தச் சுவிட்ச்சில் ‘முதலாவது’ இரண்டு இருந்தன.

அது சிஸ்கோ 2960 வகை. கணினிகளுக்கான 24 போர்ட்டுகளின் பெயர் ‘பாஸ்ட் ஈதர்நெட்’ 0/1 முதல் 0/24 வரை. இவற்றின் வேகம் செக்கனுக்கு 100 மெகாபிட். பக்கத்தில் 1000 மெகாபிட் வேகமுடைய இரண்டு: ‘கிகாபிட் ஈதர்நெட்’ 0/1, 0/2. வெளியுலகத்துக்கான இணைப்பு இதில்தான் இருந்தது. தம்பி கழற்றியது கிகாபிட் 0/1. பெயரின் முற்பகுதி வேகத்தையும் எண் இடத்தையும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பெயர் முழுமையாகும்.

பல சுவிட்ச்சுகளை ஒன்றாக அடுக்கக்கூடிய சிஸ்கோ வகைகளில் மூன்று எண்கள் வரும். கிகாபிட் 1/0/5 என்றால் அடுக்கின் முதலாவது சுவிட்ச், 0 என்ற பகுதி, ஐந்தாவது போர்ட். ஜூனிப்பர் நிறுவனமோ பூச்சியத்திலிருந்து எண்ணும். அங்கே முதலாவது போர்ட் ‘ஜி.ஈ-0/0/0’, ஐந்தாவது 0/0/4.

போர்ட்டுகள் செய்யும் வேலையாலும் வேறுபடும். ஒரே சுவிட்ச்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிப்பதை ‘வீலான்’ என்பர். ‘அக்சஸ்’ போர்ட் பொதுவாக ஒரு வீலானுக்குரியது. கணினியை இதில் செருகுவோம். ‘ட்ரங்க்’ பல வீலான்களைச் சுமந்து அடுத்த சுவிட்ச்சுக்குச் செல்வது. ஆனால் எச்.பி. புரோகேர்வ் சுவிட்ச்சுகளில் ‘ட்ரங்க்’ என்றால் பல கேபிள்களை ஒரே இணைப்பாகக் கட்டுவது. சிஸ்கோ சொல்லும் ட்ரங்க் அங்கே ‘டேக்ட்’ போர்ட். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதில் கைவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்று நான் மூன்று காரியம் செய்கிறேன். ஒவ்வொரு முக்கிய போர்ட்டுக்கும் ‘டிஸ்கிரிப்ஷன்’ கட்டளையால் அது எங்கே போகிறதென எழுதிவைக்கிறேன். கேபிளிலும் அதையே ஒட்டுகிறேன். தொலைவிலிருந்து சிஸ்கோ சுவிட்ச்சில் மாற்றம் செய்யுமுன் ‘ரீலோட் இன் 10’ கொடுக்கிறேன். இணைப்பு அறுந்தால், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மீளத் தொடங்கி, சேமித்திருந்த பழைய அமைப்புக்குத் திரும்பும். எல்லாம் சரியென்றால் அதை இரத்துச் செய்துவிட்டே புதியதைச் சேமிப்பேன். மூன்றாவது, பெயரை முழுதாகச் சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்.

அந்த அம்மா மறுநாளும் இரண்டு பஸ் ஏறியிருப்பார்.