சென்னையில் தடுப்பூசியால் தடுக்கத்தக்க நோய்களின் போக்கு

சென்னையில் தடுப்பூசியால் தடுக்கத்தக்க நோய்கள் ஒரே சீராகக் குறையவில்லை. பெரியம்மையும் இளம்பிள்ளை வாதமும் ஒழிந்தன, தட்டம்மை தணிந்திருக்கிறது, தொண்டை அடைப்பான் வயது மாறித் தாக்குகிறது.

கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையம் 1899இல் அம்மைப்பால் (பெரியம்மைத் தடுப்பு மருந்து) தயாரிப்புக்காகத் தொடங்கப்பட்டது. பெரியம்மை கண்டவர்கள் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அங்கு பணியாற்றிய மருத்துவர் ஏ. ஆர். ராவ், 6,942 நோயாளிகளை ஆராய்ந்து 1972இல் நூல் வெளியிட்டார். அம்மை குத்திக்கொள்ளாத 3,544 பேரில் 35.5 விழுக்காட்டினர் இறந்தனர். குத்திக்கொண்டிருந்த 3,398 பேரில் இறந்தவர்கள் 6.3 விழுக்காட்டினர்தான். குத்திக்கொண்டதால் நோயே அண்டாமல் தப்பியவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். ஆகவே உண்மையான பலன் இதைவிடப் பெரிது. இந்தியாவில் இந்நோய் 1975இல் முடிவுக்கு வந்தது.

இளம்பிள்ளை வாதத்தை (போலியோ) வெல்வது கடினமாக இருந்தது. சொட்டு மருந்து 1979இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தாலும், மூன்று தவணை நம் குழந்தைகளுக்குப் போதவில்லை என்பதை வேலூர் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் நிறுவினார். ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சொட்டு மருந்து தரும் முகாம்கள் 1995 டிசம்பரில் நாடெங்கும் தொடங்கின. ரயில் நிலையம், பேருந்து நிலையம் என்று எங்கும் மேசை போட்டு, மருந்து குடித்த குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். விடுபட்டவர்களைத் தேடிப் பெண் ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று, கதவிலோ சுவரிலோ சாக்குக்கட்டியால் குறியிட்டார்கள். அலுக்காமல் படியேறிய அந்தப் பெண்களுக்கு இவ்வெற்றியில் பெரும்பங்கு உண்டு. தமிழ்நாட்டின் கடைசி நோயாளி 2004இல் பதிவானார். இந்தியா 2014 மார்ச்சில் போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது.

தட்டம்மைத் தடுப்பூசி 1985இல் தேசியத் திட்டத்துக்குள் வந்தது. ரூபெல்லாவையும் சேர்த்துத் தடுக்கும் ஊசி, 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோருக்குப் போடப்பட்டது. வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கியதால், முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

தொண்டை அடைப்பான் முன்பு கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையுமே அதிகம் கொன்றது. அதையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசி பரவியதும் அது அருகியது. ஆனால் ஊசி தந்த காப்பு ஆண்டுகள் செல்லச்செல்லக் குறைவதால், இப்போது பள்ளி வயதினரையும் பெரியவர்களையும்கூடப் பிடிக்கிறது. இதற்காகவே 10, 16 வயதுகளில் ஊக்கத் தவணை தரப்படுகிறது. கைக்குழந்தைக்குப் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் குடும்பங்களில் இத்தவணைகள்தான் முதலில் விடுபடுகின்றன.

2017இல் தொடங்கிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி பொன்னுக்குவீங்கியைத் தடுப்பதில்லை. பொன்னுக்குவீங்கிக்கும் சின்னம்மைக்கும் காசு கொடுத்துத் தனியாரிடம் போட்டுக்கொள்ள முடிந்தவர்களுக்கே காப்பு உண்டு. மற்றக் குழந்தைகளிடையே இரண்டும் பள்ளிகளில் இன்னும் பரவிக்கொண்டிருக்கின்றன.