யார் இந்த எல்.இளையபெருமாள்? சிதம்பரத்தில் அவருக்கு நினைவு அரங்கம் ஏன்?

சிதம்பரத்தில் 2025 ஜூலை 15-ல் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்த நூற்றாண்டு நினைவு அரங்கம், எல்.இளையபெருமாளுக்கானது. 'யாருப்பா இவர்?' என்று கேட்பவர்களுக்காக...

உடைந்த பானை

1924-ல் காட்டுமன்னார்கோவில் பகுதியில் பிறந்தவர். இவர் படித்த பள்ளியில் பட்டியல் சாதி மாணவர்களுக்குக் குடிக்கத் தனிப் பானை வைத்திருந்தார்கள். அதை உடைத்துப் போட்டார் சிறுவன் இளையபெருமாள். பின்னாளில் தீண்டாமைக்கு எதிராகவும் விவசாயத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் போராடினார். 1952-ல் கடலூர் தொகுதியின் காங்கிரஸ் எம்.பி. ஆனார்.

இளையபெருமாள் கமிட்டி என்றால் என்ன?

1955-லேயே தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்துவிட்டது. ஆனால் ஊர்களில் நிலைமை மாறியதா? அதை ஆராய மத்திய அரசு 1965-ல் அமைத்த குழுவுக்கு இவர்தான் தலைவர். தீண்டாமை ஒழியவே இல்லை என்று 1969 அறிக்கை போட்டு உடைத்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கவும் பரிந்துரைத்தது.

அதனால் என்ன நடந்தது?

அந்தப் பரிந்துரையைச் சுட்டிக்காட்டியே 1970-ல் கருணாநிதி அரசு பரம்பரை அர்ச்சகர் உரிமையை ரத்து செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் அறிக்கை முன்னோடியாகப் பேசப்படுகிறது.

2005-ல் இளையபெருமாள் மறைந்தார். தமிழகக் கோயில்களில் பல சாதியினரும் ஒரே நாளில் அர்ச்சகர்களாகப் பணி ஆணை பெற்றது 2021-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.