அடுப்படியிலேயே இருந்த மருந்து: ஓ.ஆர்.எஸ் கதை

1/ 2022 ஜூலை 3. நம்ம காரைக்காலில் பொது சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்க. காரணம் காலரா. பள்ளி, கல்லூரிக்கு விடுமுறை, 144 உத்தரவு, தண்ணியைக் காய்ச்சிக் குடிங்கன்னு அறிவிப்பு. "காலராவா? அது எங்க தாத்தா காலத்து வியாதியாச்சே!" என்று பலரும் கேட்டாங்க.

2/ அந்தத் தாத்தா காலத்தில் வாந்திபேதி ஒரு தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு ஒரு சாவு விழும். இன்னிக்கு அப்படி இல்லை. அதுக்குப் பெரிய காரணம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு சின்ன பாக்கெட். ஓ.ஆர்.எஸ். அதோட வரலாறுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

3/ முதலில், காலரா எப்படி ஆளைக் கொல்லுது?

கிருமி ரத்தத்துக்குள் போறதில்லை. குடலிலேயே உட்கார்ந்து ஒரு நச்சை விடுது. அந்த நச்சு, குடல் செல்லில் உப்பு வெளியேறும் வழியைத் திறந்தே வெச்சிடுது. உப்பு போகிற பக்கம் தண்ணியும் போகும். கடுமையான காலராவில் பெரியவங்களுக்கு ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வரைக்கும் போகலாம். அரிசி கழுவின தண்ணி மாதிரி போகும்.

ஆக, ஆள் சாகிறது உடம்பில் தண்ணியும் உப்பும் வத்திப்போய்த்தான்.

(இந்த நச்சைக் கண்டுபிடித்து 1959-ல் எழுதியவர் கல்கத்தா டாக்டர் சம்புநாத் தே.)

4/ தண்ணி போச்சுன்னா தண்ணி கொடுக்க வேண்டியதுதானே? இவ்வளவு எளிமையான விஷயம் புரியவே மருத்துவ உலகத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

1831-ல் பிரிட்டனில் காலரா. வில்லியம் ஓஷானஸி என்ற 22 வயது டாக்டர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அதில் தண்ணியும் உப்பும் குறைந்திருப்பதைச் சொன்னார். 1832-ல் ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா உப்புத்தண்ணியை நேராக நரம்பில் ஏற்றினார். சாகக் கிடந்தவங்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தாங்க.

5/ ஆனால் அது கிருமின்னா என்னன்னே தெரியாத காலம். சுத்தமில்லாத தண்ணி, கணக்கில்லாத அளவு. பலர் மறுபடி சரிந்தாங்க. முறையைக் கைவிட்டுட்டாங்க. அதுக்கப்புறமும் பல வருஷம் காலரா நோயாளிக்கு ரத்தத்தை வடிச்சாங்க, பாதரச உப்பைக் கொடுத்துப் பேதியாக வெச்சாங்க. ஏற்கெனவே வத்திப்போன உடம்பை இன்னும் வத்த வைக்கிற வைத்தியம்!

6/ 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தா வந்து கிருமியை உறுதி செஞ்சார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் நரம்பு வழி உப்புநீரை மறுபடி கொண்டுவந்தார். சாவு கணிசமாகக் குறைஞ்சுது.

ஆனால் ட்ரிப் போட சுத்தம் செஞ்ச பாட்டில், ஊசி, பழகின கை, ஆஸ்பத்திரி எல்லாம் வேணும். காலரா வருவதோ வெள்ளம் புகுந்த கிராமத்துக்கும் அகதி முகாமுக்கும்.

7/ சரி, வாய் வழியாகக் கொடுத்தால்?

வெறும் தண்ணி கொடுத்தாங்க. அப்படியே வெளியே போச்சு. உப்புத்தண்ணி கொடுத்தாங்க. அதுவும் போச்சு. உடனே "குடல் வேலை செய்யலை, அதுக்கு ஓய்வு கொடு, ஒண்ணும் குடிக்கக் கொடுக்காதே" என்று முடிவுக்கு வந்துட்டாங்க.

"தண்ணி குடுத்தா இன்னும் போகும் டாக்டர்" என்று இன்னிக்கும் வீடுகளில் சொல்றாங்களே, அதையேதான் ஒரு காலத்தில் படிச்ச டாக்டர்களும் சொன்னாங்க. பாட்டிகளை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

8/ 1953. கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியை வாய் வழியாகக் கொடுத்து, லான்செட் இதழில் எழுதினார். அவர்களுக்கு நோய் ரொம்பக் கடுமையாக இல்லை. உள்ளே எவ்வளவு போச்சு, வெளியே எவ்வளவு வந்துச்சுங்கிற கணக்கும் அதில் இல்லை. பெருசா யாரும் கண்டுக்கலை.

9/ 1960-ல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் க்ரேன், பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ஒரு விஷயம் சொன்னார். குடல் சுவரில் ஒரு வாசல் இருக்கு. சோடியம் (உப்பு) தனியா வந்தாலும் திறக்காது, குளுக்கோஸ் தனியா வந்தாலும் திறக்காது. ரெண்டும் ஜோடியாக வந்தால்தான் உள்ளே விடும். ஜோடி உள்ளே போனால் தண்ணியும் கூடவே போகும்.

முக்கியமான விஷயம்: காலரா நச்சு இந்த வாசலைத் தொடுறதே இல்லை! பின்கதவு உடைஞ்சு ஒழுகிக்கிட்டு இருக்கும்போதும் முன்கதவு ஒழுங்காக வேலை செய்யுது. அதுக்கான சாவியில் பாதி உப்பு, பாதி சர்க்கரை. நம்ம அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்த ரெண்டு டப்பா.

10/ 1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற ரெண்டு இளம் அமெரிக்க டாக்டர்கள் இதைக் கடுமையான காலராவிலேயே நிரூபிச்சாங்க. சாட்டர்ஜி விட்ட இடத்தை இவங்க பிடிச்சாங்க: வெளியே எவ்வளவு போகுதோ அதை அளந்து, அதே அளவுக்கு உள்ளே கொடு. ட்ரிப் தேவை சுமார் 80 சதவீதம் குறைஞ்சுது.

ஆனால் அது வசதியுள்ள ஆராய்ச்சி வார்டு. வெளியே நடக்குமான்னு சந்தேகம்.

11/ 1971. வங்கதேசப் போர். சுமார் 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வர்றாங்க. எல்லை ஊரான பன்காவ் முகாமில் காலரா. அங்கே போனவர் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். ரெண்டு அறை, தரை முழுக்க நோயாளிகள். கையில் இருந்த ட்ரிப் பாட்டில் சீக்கிரமே தீரப்போகுது.

12/ அவர் ஒரு முடிவு எடுத்தார். 1 லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, முகாமில் டிரம்மில் கலக்கினாங்க. லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா.

கொடுத்தது யார்? நர்ஸ் இல்லை, டாக்டர் இல்லை. நோயாளியின் அம்மா, அண்ணன், பொண்டாட்டி. டம்ளரில் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாங்க.

13/ முகாமில் 30 சதவீதம் வரை இருந்த சாவு, இவர் வார்டில் 3.6 சதவீதமாகக் குறைஞ்சுது. 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள்!

என்னைக் கேட்டால் இந்தக் கதையின் உச்சம் இதுதான். உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வேலை செய்யும்னு ஏற்கெனவே தெரியும். "இதை ஒரு அம்மாவால் கொடுக்க முடியும்" என்று நம்பினதுதான் புதுசு.

14/ அந்த நம்பிக்கையை வீடு வீடாகக் கொண்டுபோனது வங்கதேசத்தின் ப்ராக் அமைப்பு. 1980-ல் தொடங்கி பத்து வருஷம், 1 கோடிக்கும் அதிகமான வீடுகளுக்குப் பெண் ஊழியர்கள் நடந்தே போய்ச் சொல்லிக் கொடுத்தாங்க. மூணு விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் கையாலேயே அளந்துக்கலாம்.

1978-ல் லான்செட் இதை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம்னு எழுதுச்சு. 25 வருஷம் முன்னாடி சாட்டர்ஜி எழுதின அதே லான்செட்!

15/ நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு. 1992-ல் மெட்ராஸில் ஒரு புது வகைக் காலராக் கிருமி தலைகாட்டுச்சு. ஓ139 என்று பேர் வெச்சாங்க. பழைய காலராவுக்கு உடம்பில் உருவான எதிர்ப்புச்சக்தி இதுகிட்ட செல்லலை. ஆனால் ஓ.ஆர்.எஸ் அப்படியே செல்லுச்சு! கிருமி எந்த ரகமானாலும் அந்த முன்கதவு ஒண்ணுதானே.

16/ "நம்ம கஞ்சித்தண்ணி?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. அரிசி மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸ் ஆகும். அதில் உப்பு போட்டால் அதே ஜோடிதான். அரிசியில் செஞ்ச ஓ.ஆர்.எஸ், காலராவில் நல்லாவே வேலை செய்யுதுன்னு ஆய்வுகளும் இருக்கு. பேதிக்காரருக்கு உப்புக் கஞ்சி கொடுத்த பாட்டிக்கு சோடியம் தெரியாது, ஆனால் செஞ்சது சரி.

17/ இனி நடப்புக்கு வருவோம். இவ்வளவு வரலாறும் நடந்த பிறகு, வார்டுக்கு வர்றவங்க கேட்கிறது: "ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க டாக்டர், அப்பதான் தெம்பு வரும்." பாக்கெட்டைக் கொடுத்தால் "வெறும் உப்புத்தண்ணிதானா?" என்று ஒரு பார்வை.

பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் அதேதான். வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஊசி எதுக்கு? ஆஸ்பத்திரிக்கு வந்து ட்ரிப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தில் வீட்டிலேயே ஒரு லிட்டர் உள்ளே போயிருக்கும். குழந்தைகளுக்கு அந்த ரெண்டு மணி நேரம் ரொம்பப் பெருசு.

18/ எப்படிக் கலக்கணும்?

• பெரிய பாக்கெட் (20.5 கிராம்) முழுசும், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணியில். பாதி பாக்கெட்டை டம்ளரில் கலக்காதீங்க. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. சின்ன பாக்கெட் என்றால் மேலே போட்டிருக்கும் அளவைப் பாருங்க.
• 24 மணி நேரத்துக்கு மேல் ஆனதைக் கொட்டிடுங்க.
• பாக்கெட் இல்லையா? 1 லிட்டர் தண்ணி, தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பாக்கெட் வரும்வரை இது போதும்.

19/ எவ்வளவு கொடுக்கணும்? ஒவ்வொரு தடவை போன பிறகும், 2 வயசுக்குள் 50 முதல் 100 மில்லி, அதுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி, பெரியவங்க கேட்கிற வரைக்கும். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. குழந்தைக்கு ஜிங்க் மருந்து கேட்டு வாங்கிக் கொடுங்க.

20/ கூல்டிரிங்க், பாக்கெட் ஜூஸ் வேண்டாம். சர்க்கரை அதிகமானால் அது குடலுக்குள் தண்ணியை இழுத்துப் பேதியைக் கூட்டும். சரியான ஓ.ஆர்.எஸ்-ல் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். "ஓ.ஆர்.எஸ்" பேரைப் போட்டு இனிப்புப் பானம் விற்றதை எதிர்த்து ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பேரைப் போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலாவான்னு பார்த்து வாங்குங்க.

21/ எப்போ உடனே ஆஸ்பத்திரி? குடிக்கவே முடியலை, மயக்கமாகக் கிடக்கிறார், கண் உள்ளே போயிருக்கு, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, மலத்தில் ரத்தம், வாந்தி நிற்கவே இல்லை. இதில் எது இருந்தாலும் வாங்க. அப்போ ட்ரிப் தேவை, நாங்களே போடுவோம். வர்ற வழியிலும் குடிக்க முடிந்தால் கொடுத்துக்கிட்டே வாங்க. இதய, கிட்னி நோயாளிகள் அளவை டாக்டரிடம் கேட்டுக்குங்க.

22/ நம்ம ஊரில் காலரா வந்த அதே 2022-ல், அக்டோபரில், மஹலனாபிஸ் காலமானார். அடுத்த வருஷம் பத்ம விபூஷண் அறிவிச்சாங்க. அதைப் பார்க்க அவர் இல்லை. பல பேருக்கு அவர் பேரே அப்போதான் தெரிஞ்சுது.

காவிரி கடலில் சேரும் கடைமடை ஊர் நம்மளுது. மழையும் வெள்ளமும் குழாய் உடைப்பும் நமக்குப் புதுசு இல்லை. தண்ணியைக் கொதிக்கவிட்டுக் குடிங்க. வீட்டில் ரெண்டு ஓ.ஆர்.எஸ் பாக்கெட் எப்பவும் இருக்கட்டும். அதைவிட முக்கியம், அது எங்கே இருக்கு, எப்படிக் கலக்கணும்னு வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும்.

உபயோகமா இருந்தா உங்க ஃபேமிலி குரூப்பில் பகிருங்க. சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.