17 சென்டிமீட்டர் மதர்போர்டின் வரலாறு

சின்ன கேபினட்டுக்குள் ஒரு கேமிங் கணினி கட்ட வேண்டும் என்று கிளம்புபவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் மினி ஐ.டி.எக்ஸ் மதர்போர்டு. நீளம் 17 செ.மீ., அகலமும் 17 செ.மீ. வழக்கமான ஏ.டி.எக்ஸ் போர்டு 30.5 செ.மீ.க்கு 24.4 செ.மீ. பரப்பளவில் கணக்குப் போட்டால் சின்னது பெரியதில் ஐந்தில் இரண்டு பங்குதான். ஆனால் அதே தரத்தில் வாங்கினால் விலை பெரும்பாலும் கூடவே இருக்கும். இடம் குறைந்தும் விலை ஏன் குறையவில்லை? எதை விட்டுக்கொடுத்து இந்த அளவு வந்தது? இதற்கான பதில் அதன் வரலாற்றில் இருக்கிறது. முதல் ஆச்சரியம், இந்த அளவு விளையாட்டுக்காக உருவானதே அல்ல.

1995-ல் இண்டெல் ஏ.டி.எக்ஸ் அளவை வெளியிட்டபோது மதர்போர்டில் ஏழு ஸ்லாட்டுகள் வரை இருந்தன. அன்றைக்கு அவை எல்லாமே தேவைப்பட்டன. ஒலிக்கு ஒரு கார்டு, மோடத்துக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, கிராபிக்ஸுக்கு ஒன்று. பிறகு ஒலியும் நெட்வொர்க்கும் மதர்போர்டிலேயே வந்துவிட்டன, ஸ்லாட்டுகள் காலியாகக் கிடந்தன. 1997-ல் 24.4 செ.மீ. சதுரமாக மைக்ரோ ஏ.டி.எக்ஸ் வந்தது. 1999-ல் அதைவிடச் சிறிய ஃப்ளெக்ஸ் ஏ.டி.எக்ஸ் வந்தது.

2001-ல் மினி ஐ.டி.எக்ஸ் அளவை அறிவித்தது தைவானின் வி.ஐ.ஏ நிறுவனம். வி.ஐ.ஏ 1999-ல் சைரிக்ஸ், சென்டார் என்ற இரண்டு பிராசசர் நிறுவனங்களை வாங்கியிருந்தது. அதன் சி3 பிராசசரால் வேகத்தில் இண்டெலோடும் ஏ.எம்.டி.யோடும் போட்டி போட முடியவில்லை. ஆனால் மின்சாரம் மிகக் குறைவாகச் செலவழித்தது, சூடும் குறைவு. அந்தப் பலத்துக்கு ஏற்ற ஒரு சின்ன போர்டுதான் மினி ஐ.டி.எக்ஸ். 2002-ல் வந்த ஈபியா போர்டுகளில் பிராசசர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒரு ரகம் 533 மெகாஹெர்ட்ஸ், ஃபேனே கிடையாது. ஒரே ஒரு பி.சி.ஐ ஸ்லாட். கிராபிக்ஸ் கார்டுக்கான ஏ.ஜி.பி ஸ்லாட் இல்லவே இல்லை. பழைய ரேடியோ பெட்டிக்குள்ளும் பொம்மைக்குள்ளும் கணினியை அடைத்துப் பார்த்த ஆர்வலர்களுக்கு அது சொர்க்கம். கேம் ஆடுபவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அவர்களுக்கு அப்போது கிடைத்தது வேறொரு தைவான் நிறுவனமான ஷட்டில். 2001-ல் எஸ்.வி.24 என்ற சிறு பெட்டியை அது கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த எஸ்.எஸ்.51ஜி-யில் பெண்டியம் 4, ஏ.ஜி.பி ஸ்லாட் இரண்டும் இருந்தன. லேன் பார்ட்டிகளுக்குக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். குறை என்னவென்றால், போர்டின் வடிவம் ஷட்டிலுடையது. போர்டு பழசானால் வேறு நிறுவனத்தின் போர்டு ஒன்றை வாங்கி அதே பெட்டியில் மாட்ட முடியாது. மினி ஐ.டி.எக்ஸ் போர்டின் நான்கு திருகு ஓட்டைகளோ ஏ.டி.எக்ஸ் ஓட்டைகளோடு பொருந்துபவை. அதைப் பெரிய கேபினட்டிலும் மாட்டலாம். பின்னாளில் இந்தப் பொதுத்தன்மைதான் வென்றது.

அப்படியானால் 17 செ.மீ. போர்டில் கிராபிக்ஸ் ஸ்லாட் வர ஏன் அவ்வளவு நாள் ஆயிற்று? காரணம் நார்த்பிரிட்ஜ் என்ற சிப். பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு மூன்றையும் இணைப்பது அதன் வேலை. அதற்கும் இடம் வேண்டும், ஹீட்சிங்க் வேண்டும், மூன்று பக்கமும் நூற்றுக்கணக்கான கம்பித்தடங்கள் ஓட வேண்டும். 2003-ல் ஏ.எம்.டி தன் அத்லான் 64-ல் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதியைப் பிராசசருக்குள்ளேயே வைத்தது. 2009 செப்டம்பரில் இண்டெலின் கோர் ஐ5-750 வந்தபோது கிராபிக்ஸ் கார்டுக்கான இணைப்பும் பிராசசருக்குள் போய்விட்டது. நார்த்பிரிட்ஜ் என்ற தனி சிப்புக்கு வேலையே இல்லாமல் போனது. ஆக, போர்டு சுருங்கியதற்குக் காரணம் போர்டு மட்டும் அல்ல; அதன் வேலையில் பாதியைப் பிராசசர் எடுத்துக்கொண்டது.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முழு கிராபிக்ஸ் ஸ்லாட்டுடன் சோடாக், டி.எஃப்.ஐ போன்ற நிறுவனங்களின் மினி ஐ.டி.எக்ஸ் போர்டுகள் வந்தன. 2009-ல் சில்வர்ஸ்டோன் எஸ்.ஜி.05, 2012-ல் பிட்ஃபீனிக்ஸ் ப்ராடிஜி, 2013-ல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தயாரான என்கேஸ் எம்1 என்று இதற்கென்றே கேபினட்டுகளும் வந்தன.

ஆனால் ஒன்று மட்டும் பிராசசருக்குள் போகவில்லை: மின்சாரம். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டைச் சுமார் 1 வோல்ட்டாகக் குறைத்துத் தருவது மதர்போர்டில் உள்ள வி.ஆர்.எம் பகுதி. 95 வாட் பிராசசர் 1.2 வோல்ட்டில் ஓடினால் ஏறத்தாழ 80 ஆம்பியர் பாய வேண்டும். அத்தனையும் சாக்கெட்டின் ஓரத்தில், விரல் அகல இடத்தில். 2012-ல் ஏசஸ் தன் பி8இசட்77-ஐ டீலக்ஸில் வி.ஆர்.எம்மைத் தனிச் சிறு பலகையாக்கிச் செங்குத்தாக நிறுத்தியது. கீழே இடம் இல்லை, மேலே கட்டினார்கள்! நகரத்தில் அடுக்குமாடி கட்டுவது போல. ரேமுக்கும் இதே கதைதான். 2015-ல் அஸ்ராக் எக்ஸ்99இ-ஐடிஎக்ஸ் போர்டில் நான்கு சேனல் பிராசசருக்கு இரண்டு ரேம் ஸ்லாட்டுகள்தான் கிடைத்தன. 2017-ல் அதன் அடுத்த போர்டு நான்கு சேனலையும் கொடுத்தது, ஆனால் லேப்டாப் ரேமை வைத்து.

எனவே ஒரு மினி ஐ.டி.எக்ஸ் போர்டை எடை போடும்போது பெட்டியில் அச்சிட்ட வசதிகளை எண்ணுவதைவிட, இடம் இல்லாமல் எது நசுங்கியது என்று பார்ப்பது நல்லது. வி.ஆர்.எம் மீது சரியான ஹீட்சிங்க் இருக்கிறதா? வாங்கப்போகும் பிராசசரின் வாட்டுக்கு அது தாங்குமா? கூலர் ரேம் மீதோ கிராபிக்ஸ் கார்டு மீதோ இடிக்குமா? எம்.2 ஸ்லாட் போர்டின் பின்பக்கம் இருந்தால், பின்பக்கம் திறப்பு இல்லாத கேபினட்டில் எஸ்.எஸ்.டி.யை மாற்ற மொத்தப் போர்டையும் கழற்ற வேண்டும். ரேம் ஸ்லாட் இரண்டே. இன்று இரண்டிலும் சிறிய ரேம் போட்டால், நாளை கூட்டும்போது பழையதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கூடுதல் விலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அதே கம்பித்தடங்கள், அதே மின்சாரம், ஐந்தில் இரண்டு பங்கு இடம். அந்த நெரிசலைச் சரியாக அடுக்கியதற்குத்தான் காசு. சரியாக அடுக்கவில்லை என்றால், அது தெரிவது கேம் ஆடும்போது பிராசசர் சூடேறி வேகம் குறையும் நாளில்தான்.