வரிப்பூனையும் மூவண்ணப் பூனையும்

வரலாறு என்றதும் நமக்குக் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே நினைவுக்கு வருகின்றன. அரசர் வெட்டுவித்தவையும் புலவர் எழுதிவைத்தவையும் தவிர, எவரும் எழுதக் கருதாமலே எழுதப்பட்ட வரலாறும் ஒன்று உண்டு. நமது அடுப்படியிலே சுருண்டு படுத்திருக்கும் பூனையின் உரோமம் அத்தகைய ஓர் ஏடு. அந்த ஏட்டை இன்று சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

தமிழ் பூனையை நெடுங்காலமாக அறியும். காட்டுப் பூனையை வெருகு என்றும், வீட்டுப் பூனையைப் பூசை என்றும் பழைய இலக்கியம் சொல்லும். பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிட ஆசைகொண்ட பூசைக்குத் தம்மை ஒப்பிட்டு அவையடக்கம் பாடிய கம்பரை நேயர்கள் அறிவீர்கள். அப்பாடலை வகுப்பிலே நடத்தும்போது ஒரு மாணவன், “சேர், அந்தப் பூனை என்ன நிறம்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அந்தக் கேள்வி சிரிப்புக்கு உரியதன்று என்பதே என் எண்ணம். பூனையின் நிறத்தைக் கேட்பது, அது மனிதனோடு வாழ வந்த கதையைக் கேட்பதாகும்.

வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழ்கின்ற காட்டுப் பூனை. உழவு தோன்றியது, களஞ்சியத்திலே தானியம் குவிந்தது, தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவிலே, ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில், மனிதனுக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தமை 2004ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது. கடல் சூழ்ந்த அத்தீவுக்குப் பூனையை மனிதரே படகிலேற்றிக் கொண்டுசென்றிருக்க வேண்டும்.

அந்தக் காட்டுப் பூனைக்கு மணலும் சாம்பலும் கலந்த நிறம், உடலிலே மெல்லிய வரிகள், வாலிலே வளையங்கள். எகிப்தியர் கல்லறைச் சுவர்களிலே தீட்டிவைத்த பூனைகளும் இந்தச் சாயலையே கொண்டவை. புல்லுக்கும் நிழலுக்கும் இடையே மறைந்திருக்க இவ்வரிகள் உதவின. வேறு நிறத்தோடு தப்பிப் பிறந்த குட்டி, காட்டிலே இரையின் கண்ணிலும் பகையின் கண்ணிலும் எளிதிலே பட்டுவிடும். மனிதனின் முற்றத்திலோ அந்த அச்சம் குறைவு. விகாரமாகத் தோன்றிய நிறங்கள் அங்கே பிழைத்துக்கொண்டன. சில, மனிதனுக்குப் பிடித்தும்போயின.

வரிகளிலே நேர்ந்த மாற்றமே இதற்கு நல்ல சான்று. மெல்லிய வரிகள் தடித்து, விலாவிலே சுழிபோலச் சுருண்டு நிற்கும் பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். பழங்காலப் பூனைகளின் எச்சங்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து ஆராய்ந்தோர் 2017இலே தம் முடிவை வெளியிட்டனர். இச்சுழிவரிக்குரிய பரம்பரையலகு, அவர்கள் ஆராய்ந்தவற்றுள் முதன்முதலிலே தென்படுவது மேற்காசியாவைச் சேர்ந்த 14ஆம் நூற்றாண்டுப் பூனையிலேதான். அது ஒட்டோமன் பேரரசின் காலம். 18ஆம் நூற்றாண்டளவிலேதான் இக்கோலம் பெருகிற்று. பிரித்தானியாவிலே மிகுந்த இது, எலி பிடிப்பதற்கென்று கப்பலேறிய பூனைகளோடு வட அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றது. பூனையின் நிறங்களைக் கொண்டே குடியேற்றத்தின் வழிகளையும் வணிகத்தின் வழிகளையும் காணலாம் என்று நீல் ரொட் என்ற அமெரிக்க அறிஞர் 1977இலே விளக்கினார்.

அரிய கோலம் அறிஞரையும் மயக்கியதுண்டு. 1926இலே ஆபிரிக்காவின் றொடீசியாவிலே, புள்ளிகளுக்குப் பதிலாகத் தடித்த பட்டைகள் கொண்ட சிறுத்தைத் தோலொன்று கவனத்துக்கு வந்தது. அதைத் தனியினம் என்று கருதி 1927இலே புதுப் பெயரும் சூட்டினர். ஆனால் 1981இலே தென்னாபிரிக்காவிலே சாதாரணப் புள்ளிச் சிறுத்தையொன்று அத்தகைய பட்டைக் குட்டியை ஈன்றது. பூனையின் வரியைச் சுழியாக்கும் அதே பரம்பரையலகின் மாற்றந்தான் சிறுத்தையின் புள்ளியையும் பட்டையாக்குகிறது என்பது 2012இலே தெளிவாயிற்று. தனியினம் என்று எண்ணியது, ஒரே தாய் வயிற்றிலே பிறந்த வேற்றுமையாக முடிந்தது.

இனி மூவண்ணப் பூனைக்கு வருவோம். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் ஆகிய மூன்றும் கலந்த இது ஏறக்குறைய எப்போதும் பெட்டையாகவே இருக்கும். இந்நிறக் கலப்புக்கும் பெண்பாலுக்கும் உள்ள தொடர்பைச் சாள்ஸ் டார்வின் 1859இலே வெளியிட்ட தம் நூலிலே குறித்தார்; காரணம் அவருக்குத் தெரியவில்லை. யப்பானிய மாலுமிகளோ, மூவண்ணக் கடுவன் கிடைத்தால் அதைக் கப்பலின் காப்பாகவே போற்றினர். 1956இலே அந்தாட்டிக்காவுக்குப் புறப்பட்ட யப்பானிய ஆய்வுக் குழுவினரும் அத்தகைய கடுவனொன்றை உடன் கொண்டுசென்றனர்.

காரணம் இதுதான். செம்மஞ்சளுக்குரிய பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்திலே இருக்கிறது. கடுவனுக்கு எக்ஸ் ஒன்றே. ஆகவே செம்மஞ்சளோ கறுப்போ, இரண்டிலொன்றுதான் வாய்க்கும். பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. முளையப் பருவத்திலேயே ஒவ்வொரு கலமும் அவ்விரண்டிலொன்றை உறங்கவைத்துவிடுகிறது என்று 1961இலே மேரி லயன் என்ற ஆங்கிலேய அறிஞர் எடுத்துரைத்தார். எந்தக் கலத்திலே எது உறங்குமென்பது தற்செயல். அதனாலேயே ஓரிடம் கறுப்பாகவும் ஓரிடம் செம்மஞ்சளாகவும் திட்டுத்திட்டாக அமைகின்றன. நிறப்பொருள் தரும் கலங்கள் சென்றடையாத இடம் வெள்ளையாகிறது. 2001இலே அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே மூவண்ணப் பூனையொன்றைப் படியெடுத்து உருவாக்கிய குட்டியிலே செம்மஞ்சள் துளியும் இல்லை. தாயின் நகலே தாயைப்போல இல்லை என்றால், தற்செயலின் வலிமைக்கு வேறு சான்று வேண்டுமா? செம்மஞ்சளைத் தரும் மாற்றம் இன்னதென்பதை யப்பானியரும் அமெரிக்கரும் தனித்தனியே ஆராய்ந்து 2025இலே வெளியிட்டனர்: எக்ஸ் நிறமூர்த்தத்திலே ஏறத்தாழ ஐயாயிரம் எழுத்துகள் நீளமான ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. எழுத்து விடுபட்டதாலே பிறந்த அழகு அது!

தற்செயலாய் அமைந்த இந்நிறங்களின்மேல் மனிதன் ஏற்றிவைத்த தீர்ப்புகள்தாம் எத்தனை! 1233இலே பாப்பரசர் 9ஆம் கிரகரி விடுத்த மடலொன்று, மதவிரோதிகளின் சடங்கிலே கறுத்தப் பூனை தோன்றுவதாக வர்ணித்தது. ஐரோப்பாவிலே பலர் அந்நிறத்தைத் தீநிமித்தமாகக் கொள்ள, இங்கிலாந்திலே பலர் அதனையே நன்னிமித்தம் என்றனர். நம்மவர்களோ நிறம் பாராமலே, பூனை குறுக்கே போனால் சகுனப்பிழை என்று திரும்பி வீட்டுக்கு வருகிறார்கள். குற்றம் பூனையிலே இருந்திருந்தால், நாட்டுக்கு நாடு தீர்ப்பு மாறுமா?

அரிது என்று நாம் போற்றுகின்றவை பூனைக்கு நலமாகவும் அமைவதில்லை. அந்த மூவண்ணக் கடுவன் பெரும்பாலும் எக்ஸ் ஒன்று மிகுதியாய்ப் பெற்றுப் பிறந்தது. அதனால் அதற்குச் சந்ததி இல்லை. நீலக்கண் கொண்ட தூய வெள்ளைப் பூனைகளுள் பல, காது கேளாதவை. விலைகொடுத்து வாங்குவோர் வியப்பதும், பூனை சுமப்பதும் வேறுவேறு.

தெருவிலே எவரும் திரும்பிப் பாராத வரிப்பூனையோ, மூதாதையின் ஆடையை இன்னும் களையாமல் நடக்கிறது. பொதுவாய்ப் போனதெல்லாம் தாழ்ந்ததன்று. பலவேளைகளிலே அதுவே மிகப் பழையது. அது குறுக்கே போனால் சகுனம் பார்க்குமுன் அதன் வாலைப் பாருங்கள். எகிப்திய ஓவியன் கல்லறைச் சுவரிலே தீட்டிய வளையங்கள் அங்கே இருக்கின்றன.