நடுவழியில் இறங்கினேன்

ரயில் பிரயாணத்தில் எனக்கு ஒரு துர்ப்பழக்கம் உண்டு. போய்ச் சேரவேண்டிய ஊரில் அத்தனை ஆசை இராது. நடுவில் வண்டி இரண்டு நிமிஷம் நிற்கிற ஊர்களில்தான் மனம் போய் ஒட்டிக்கொள்ளும். "இறங்கிவிடலாமா?" என்று கேட்டு வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

இந்த நோய்க்கு மருந்துபோல் ஐரோப்பாவில் ஒரு டிக்கெட் இருக்கிறது. யூரெயில் பாஸ் என்று பெயர். 2024 அக்டோபரில் நான் அங்கே போனபோது வாங்கியது, இரண்டு மாதத்துக்குள் பத்து நாட்கள் பிரயாணம் செய்யக்கூடியது. அந்தப் பத்து நாட்கள் எவை என்பது நம் இஷ்டம். பிரயாண நாளில் நள்ளிரவு வரை எத்தனை வண்டி ஏறினாலும், எத்தனை ஊரில் இறங்கினாலும் கேள்வி இல்லை. செல்லுபடியாகும் தேசங்கள் 33.

கேள்வி இல்லை என்றது முழு உண்மை அல்ல. பிரான்ஸில் அதிவேக வண்டிகளுக்குத் தனியாகப் பணம் கட்டி இடம் பதிவு செய்யவேண்டும். பாஸ்காரர்களுக்கென்று ஒதுக்கும் இடங்களும் குறைவு. கல்யாணப் பத்திரிகை கையில் இருந்தால் மட்டும் போதுமா? பந்தியில் இலை கிடைக்கவேண்டாமா?

பாரிஸிலிருந்து வியன்னாவுக்குப் போகவேண்டியவன், பழக்கதோஷத்தால் ஸ்ட்ராஸ்பர்கில் இறங்கினேன். இறங்குவதற்கு முன்பே ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். பிரான்ஸில் ரயில்கள் நம் ஊரைப்போலவே இடதுபக்கத் தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஆல்ஸேஸ் பிரதேசத்திலோ வலதுபக்கம்! 1871-இல் ஆல்ஸேஸை ஜெர்மனி எடுத்துக்கொண்டது. ஜெர்மானியர்கள் தங்கள் வழக்கப்படி வண்டிகளை வலதுபக்கம் ஓட்டினார்கள். 1918-இல் நாடு பிரான்ஸுக்குத் திரும்பியது, தண்டவாளம் திரும்பவில்லை. பழைய எல்லை அருகே ஒரு பாதை மற்றொன்றின் மேலேறித் தாண்டிப் பக்கம் மாறிக்கொள்கிறது. 1940-இல் மறுபடி ஜெர்மனி. 1944-இல் மறுபடி பிரான்ஸ். 1871-க்கு முன் பிறந்து நீண்ட ஆயுள் பெற்ற ஒரு பாட்டி, வீட்டு வாசற்படியைத் தாண்டாமலே நாலு தடவை தேசம் மாறியிருப்பாள். அவளுக்கு எந்தப் பாஸும் தேவைப்பட்டிராது.

ஊருக்குக் கிழக்கே ரைன் நதி. அக்கரையில் ஜெர்மனியின் கேல் நகரம். இடையே 1861-இல் ஒரு ரயில் பாலம் திறந்தார்கள். அதைக் கட்டிய விதத்தைக் கேளுங்கள். பாலத்தின் இரு முனைகளிலும் திருப்பக்கூடிய துண்டுகளை வைத்தார்கள். பிரான்ஸுக்குச் சந்தேகம் வந்தால் தன் முனையைத் திருப்பிவிடலாம்; அக்கரைப் பாடன் அரசுக்குச் சந்தேகம் வந்தால் அதன் முனையை. சம்பந்தம் பேசும்போதே விவாகரத்துப் பத்திரமும் எழுதி வைத்தாற்போல! 1870 ஜூலை 19-இல் யுத்தப் பிரகடனம். திருப்பி வைக்கக்கூடப் பொறுமை இல்லை. 22-ஆம் தேதி பாடன் சிப்பாய்கள் தங்கள் பக்கத்துத் துண்டை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அடுத்த மாதம் ஜெர்மன் பீரங்கிகள் ஸ்ட்ராஸ்பர்கின் புத்தகசாலையை ஓர் இரவில் சாம்பலாக்கின. ஈடில்லாத ஏட்டுப் பிரதிகள் அதில் போயின. கதை எழுதிப் பிழைப்பவனுக்கு இந்த விஷயம்தான் அதிகம் வலிக்கிறது.

அந்தப் பாலம் இரண்டாவது உலக யுத்தத்திலும் அழிந்தது. இப்போது வண்டிகள் செல்வது 2010-இல் திறந்த இரட்டைப்பாதைப் பாலத்தில்.

இப்படிப்பட்ட அண்டை வீட்டுக்காரர்கள் ஒரே டிக்கெட்டுக்கு எப்படிச் சம்மதித்தார்கள்? 1922-இல் பாரிஸில் சர்வதேச ரயில்வே சங்கம் பிறந்தது. ஒரு தேசத்து வண்டி இன்னொரு தேசத்துத் தண்டவாளத்தில் தடையின்றி ஓடுவதற்கான அளவுகள், விதிகள் போன்ற ருசியற்ற காரியங்கள்தான் அதன் வேலை. 1959-இல், யுத்தம் முடிந்து பதினாலே வருஷத்தில், 13 தேசத்து ரயில்வேக்கள் சேர்ந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்காக யூரெயில் பாஸை வெளியிட்டன. சொந்த ஜனங்களுக்கு? 1972-இல் சங்கத்தின் பொன்விழாவுக்காக, 21 வயது வரையுள்ள பிள்ளைகள் 21 தேசங்களில் ஒரு மாதம் சுற்றலாம் என்று இன்டர்ரெயில் பாஸ் கொடுத்தார்கள். அந்த ஒரு வருஷத்துக்குத்தான் என்று ஆரம்பித்தது, பிள்ளைகள் விட்டால்தானே? 1998-இல் வயது வரம்பே போய்விட்டது. தகப்பன்மார் ஒருவரையொருவர் சுட்ட இடங்களில் பிள்ளைகள் மூட்டையைத் தலைக்கு வைத்து பிளாட்பாரத்தில் தூங்கினார்கள்.

நமக்கும் இப்படி ஒன்று இருந்தது. எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிய காலம் அது. 1914-இல் பிறந்த அந்தப் போட் மெயில் வழியில் தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று.

ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து கேலுக்கு இப்போது டிராம் போகிறது, 2017 முதல். என் பாஸ் அதில் செல்லாது. ஆகவே டிராம் பாலத்தின் ஓரமாக நடந்தேன். பக்கத்திலேயே ரயில் பாலம். நடுவில் எங்கே பிரான்ஸ் முடிகிறது என்று தேடியதில் தண்ணீர்தான் தெரிந்தது.

அக்கரையில் போலீஸார் நின்றார்கள். முந்தின மாதம்தான் ஜெர்மனி தன் நில எல்லைகள் எல்லாவற்றிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்திருந்தது. இளைஞர் ஒருவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"எங்கே போகிறீர்கள்?"

"வியன்னாவுக்கு."

"நடந்தா?"

"பாலம் பார்க்க இறங்கினேன்."

அவர் திரும்பிப் பாலத்தைப் பார்த்தார். தினம் அதன் அடியில் நிற்கிறவர். ஆனாலும் சற்று நேரம் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தார். ஸ்ட்ராஸ்பர்குக்குத் திரும்பியபோது நான் பிடிக்க நினைத்த வண்டி போய்விட்டிருந்தது. அடுத்ததற்கும் அதே டிக்கெட்தான். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காப்பி வாங்கிக்கொண்டேன்.