காதின் வீட்டுக்குக் கண் காவல்

ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைய இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்கலாம். நடுவில் இரண்டு ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு சின்ன இடம். கூடம் கட்டுகிறவர்கள் அதை ‘சவுண்ட் லாக்’ என்பார்கள். சுவரில் மெத்தை, தரையில் கம்பளம், கதவோரங்களில் ரப்பர் பட்டை. வெளிக்கதவு சாத்தியதற்கு அடையாளமாகக் காதுக்குள் காற்று லேசாக அழுத்தும், அவ்வளவுதான். பெயரில் லாக் இருந்தாலும் திருடனைத் தடுக்கப் போட்டதல்ல இது. பனகல் பூங்காப் பக்கத்து ஹாரனும் மாட வீதி நாகஸ்வரமும் அடுத்த வீட்டு மிக்ஸியும் உள்ளே வராமலிருக்கப் போட்ட பூட்டு. ஆனால் ஹாரன் கேட்காத அறையில், யாரோ கேட்டைத் திறந்துகொண்டு வருவதும் கேட்காது. கண் தெரிந்த முதலாளி மூலையில் ஒரு திரையை வைத்துக் கேமராவைப் பார்த்துக்கொள்வார். பார்வையற்ற ஒருவர் அந்தக் கூடத்தின் சொந்தக்காரராக இருந்தால் என்ன செய்வார்? மற்ற இடங்களில் அவருக்குக் காவலாக இருக்கும் காதை இந்த ஒரு கட்டடம் அடைத்துவிடுகிறது. கேட்பதற்கென்றே கட்டிய வீடு, கேட்டே வாழ்கிறவருக்கு ஏன் இப்படி ஆனது என்பதற்கு விடை சென்னையின் ஒலிப்பதிவு வரலாற்றில் இருக்கிறது. காதை நம்பிப் பிழைத்த தொழில் தன் காவலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணிடம் ஒப்படைத்துவிட்டது. அதனால் பார்வையற்றவருக்கு வாசல் குறுகியதோடு, காக்க வேண்டிய பாட்டும் காப்பாற்றப்படவில்லை.

சென்னையில் ஒலிப்பதிவுக்குக் காவல் நின்ற முதல் ஆட்கள் திருடனுக்காக நிற்கவில்லை, காக்கைக்காக நின்றார்கள். ஏ.நாராயணன் 1934இல் கீழ்ப்பாக்கத்தில் ஸ்ரீனிவாசா சினிடோனைத் தொடங்கி, இந்த ஊரிலேயே எடுத்த முதல் பேசும்படமான ‘ஸ்ரீனிவாச கல்யாண’த்தைக் கொண்டுவந்தார். அதற்கு ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன். அந்தக் காலத்தில் வெயில் வெளிச்சத்தை நம்பியே பெரும்பாலும் படமெடுத்தார்கள். திறந்த வெளியில் மைக் வைத்தால் பாட்டோடு காக்கையும் பதிவாகிவிடும். காக்கையைச் சுட்டு விரட்டவே துப்பாக்கியோடு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்ததை சினிமா வரலாறு எழுதியவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். வேடிக்கைக் கதையாகவே இதை எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்த ஆளின் வேலையைக் கவனித்தால் ஒன்று புரியும். எது வேண்டாத சத்தம், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதால் அறிந்து தடுப்பதுதான் அவர் பொறுப்பு. பதிவை முதலில் காத்தது காதுதான். கெட்டிச் சுவரும் இரட்டைக் கதவும் வந்ததும் காக்கைக்காரரின் வேலை போயிற்று. பிறகு வாசலில் உட்கார்ந்த வாட்ச்மேன் ஆளைப் பார்த்து உள்ளே விட்டார்.

பதிவுக்கு அடையாளம் இடும் முறையிலும் இதே மாற்றம் நடந்தது. 1902இல் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கோஹர் ஜானைப் பதிவு செய்தபோது, பாட்டு முடிந்ததும் பாடகி தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மூலத்தட்டு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அங்கே இருந்தவர்களுக்கு மொழியும் தெரியாது, பாடகியையும் தெரியாது. லேபிள் மாறிப்போனாலும் தட்டைச் சுழலவிட்டுக் கேட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும். பொருளோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருந்த ஒலி முத்திரை அது. கிழிக்க முடியாது, மாற்றி ஒட்ட முடியாது, படிக்கக் கண்ணும் வேண்டாம். அச்சிட்ட காகித லேபிளை எல்லோரும் நம்பத் தொடங்கியதும் அந்த வழக்கம் மறைந்தது. ஏ.வி.மெய்யப்பன் 1932இல் கூட்டாளிகளோடு மவுண்ட் ரோட்டில் சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி ஓடியன் தட்டுகளை விற்ற காலத்தில், தட்டின் முகவரி லேபிள்தான். காந்த நாடா வந்தபோது நிலைமை இன்னும் மோசம். எல்லா ஸ்பூலும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியின் முதுகில் பேனாவால் எழுதிய இரண்டு வரிதான் அதன் உயிர். அந்தப் பெட்டிக்குள் வேறு ஸ்பூல் போய்விட்டால், ஒரு கச்சேரியே காணாமல் போனதற்குச் சமம்.

மதராஸ் வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்று எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் தொடங்கி, 1954இல் மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய கட்டடத்துக்கு வந்தது. அங்கேயும், பின்னால் வடபழனி, சாலிகிராமத்துச் சினிமாக் கூடங்களிலும் கண்ணின் ஆட்சியே நடந்தது. பதிவு நடக்கிறது என்பதற்குக் கதவின் மேல் சிவப்பு விளக்கு. எப்போது தொடங்குவது என்பதற்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கைச் சைகை. ஒலி அளவுக்கு ஆடும் முள். இவற்றைக் குறை சொல்லவும் முடியாது. சத்தம் போடக் கூடாத இடத்தில் சத்தமில்லாத குறிப்பு வேண்டும், விளக்கு அதைச் செய்தது. ஆனால் பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோருக்கும் கண் தெரியும் என்ற முடிவு சுவரோடு சேர்ந்து கட்டப்பட்டுவிட்டது. 2005இல் சங்கீத கலாநிதி பெற்ற வயலின் மேதை எம்.சந்திரசேகரன் போன்றவர்கள் குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தும் இந்த ஊரின் மேடைகளில் ஆறேழு பத்தாண்டுகள் வாசித்தார்கள். கலைஞராகப் பார்வையற்றவரை இந்த ஊர் தாராளமாக ஏற்றது. கட்டுப்பாட்டு அறை நாற்காலியில் உட்காருவார், சாவிக்கொத்தை இடுப்பில் செருகுவார் என்று மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கண்ணின் காவல் எதைக் காத்தது? ஒலிப்பதிவுத் தொழில் இழந்தவற்றைக் கணக்குப் பார்த்தால், பூட்டை உடைத்து வந்தவன் கொண்டுபோனது சொற்பம். நாடா விலை உயர்ந்த சரக்கு என்பதால் வானொலியில் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்தார்கள். எத்தனையோ கச்சேரிகள் அப்படி அழிந்தன, அதுவும் வேலை நேரத்தில், அனுமதியோடு. மிச்சத்தைக் கடற்கரை ஈரம் தின்றது. பூஞ்சை பிடித்த நாடா சுற்றோடு சுற்று ஒட்டிக்கொள்ளும். 2015 டிசம்பரில் அடையாறு கரைமீறியபோது வெள்ளம் கேட் வழியாகத்தான் வந்தது, அதை எந்தக் கேமராவாலும் நிறுத்த முடியவில்லை. கேசட் காலத்துக் கள்ளப் பதிவு இன்னும் நூதனம். மூலம் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கும், பாட்டு மட்டும் பர்மா பஜாருக்குப் போய்விடும். கண்ணுக்கு எதுவும் குறையவில்லை. பொருள் இருக்கிறதா என்று பார்க்கிற காவலுக்குப் படி எடுத்தது தெரியவே தெரியாது. கடைசியில் தமிழக அரசு 2004இல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயக்காரரோடு திருட்டு விசிடிக்காரரையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரு தொழில் தன் சொத்தைக் காக்கத் தடுப்புக்காவல் சட்டம் வரை போனதென்றால், வாசல் காவல் எவ்வளவு பலவீனமாக இருந்திருக்க வேண்டும்!

இதற்கு மாறாக, ஊரின் பழைய காவல் முறைகளில் காதுக்கும் கைக்கும் நிறைய வேலை இருந்தது. திண்டுக்கல் மணிப்பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் உள்ளே மணி அடிக்கும். வீட்டுக்காரர் கொல்லையில் இருந்தாலும் யாரோ பூட்டில் கை வைத்தது தெரிந்துவிடும். கையால் ராவிச் செய்த சாவிகளின் பற்கள் ஒன்றுக்கொன்று வேறுபடும், விரலால் தடவினாலே எந்த அறைச் சாவி என்று சொல்லிவிடலாம். 2019இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நாளிதழ்கள் பழம்பெருமையாக எழுதின. அதில் இருந்த தொழில்நுட்பத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. மயிலாப்பூர்ப் பழைய வீடுகளில் பூஜை அறைக் கதவில் வரிசையாக மணி கோத்திருப்பார்கள், தொட்டால் வீடே அறியும். தி.நகரின் உள்தெருக்களில் இரவில் கூர்க்கா விசில் ஊதி, தார்ரோட்டில் தடியைத் தட்டிக்கொண்டு போவார். திருடனுக்கு வருகையை அறிவிக்கிற காவல் என்ன காவல் என்று கேலி செய்தவர்கள், தூக்கத்தில் புரண்டு படுத்தவர்களுக்கு அந்த ஓசை கொடுத்த தைரியத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்று அடுக்குமாடிக் கதவில் பொருத்தும் டிஜிட்டல் பூட்டுகளில் பல வழுவழுப்பான கண்ணாடி. எண்கள் மேடும் பள்ளமும் இல்லாமல் உள்ளிருந்து ஒளிரும். பார்வையற்றவர் தன் வீட்டுக் கதவை அடுத்தவரைக் கூப்பிட்டு, ரகசிய எண்ணைச் சொல்லி, திறக்க வைக்க வேண்டும். அதன் பிறகு அது ரகசிய எண்ணே அல்ல.

இங்கே எழும் முதல் ஆட்சேபம்: பார்வையற்றவருக்குக் காது தனி வரம், அவரை ஏமாற்ற முடியாது என்ற கதையைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்? இல்லை. அப்படி ஒரு வரம் கிடையாது, இருப்பது பழக்கம். மீனாட்சி நாராயணனுக்கும் அதே பழக்கம்தான் சோறு போட்டது. மறுபக்கத்து ஆட்சேபம் இன்னும் கடுமையானது: பக்கத்தில் நிற்கும் உதவியாளரே மைக்கைப் பைக்குள் போட்டுக்கொண்டால் முதலாளிக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்வி. ஆனால் கண்ணுள்ள முதலாளிக்கும் அன்றிரவு தெரியாது. ஸ்டாக் எடுக்கிறவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மைக்குக்கும் அதன் வடிவத்தில் பள்ளம் வெட்டிய நுரைப்பெட்டி இருந்தால், வேலை முடிந்ததும் கையால் ஒரு முறை தடவினால் காலியிடம் அகப்பட்டுவிடும். கேபிளுக்குக் கேபிள் வேறு வேறு முடிச்சு, பெட்டிக்குப் பெட்டி வேறு எண்ணிக்கையில் ரப்பர் பேண்ட் என்பதெல்லாம் அற்பமாகத் தோன்றும். கணக்கு என்பதே அற்பமான வேலைதான். பார்வையற்றவர் கூடம் நடத்துவது புதுமையும் அல்ல. ஜாஸ் பியானோ கலைஞர் லென்னி டிரிஸ்டானோ 1951இலேயே நியூயார்க்கில் தனக்கென்று ஒரு கூடம் அமைத்தார். ரே சார்லஸ் 1960களின் நடுவில் லாஸ் ஏஞ்சலிஸில் சொந்தக் கட்டடம் கட்டி, ஒலிக்கலவைப் பலகையில் தானே உட்கார்ந்து பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார்.

கேமரா வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருட்டு நடந்தால் காவல் நிலையத்தில் கேட்கும் முதல் கேள்வி, புட்டேஜ் இருக்கிறதா என்பதுதான். பார்வையற்ற உரிமையாளரும் கேமரா வைக்க வேண்டும். அது அவர் பார்க்க அல்ல, ஆய்வாளர் பார்க்க. கண்ணை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்தைச் சென்னையின் டீக்கடைகளே கண்டுபிடித்துவிட்டன. பணம் அனுப்பியதாகப் போலித் திரையைக் காட்டிவிட்டுப் போகிறவர்களிடம் ஏமாந்த பிறகு, கடைக்காரர் கல்லாவில் ஒரு பேசும் பெட்டியை வைத்தார். அது தொகையை உரக்கச் சொன்னால்தான் வாடிக்கையாளரை விடுகிறார். கண் நன்றாகத் தெரிகிற வணிகர்கள், கண் தோற்ற இடத்தில் காதைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி இன்று அவசரமானதற்குக் காரணம், கூடம் சுருங்கியதுதான். ஏ.ஆர்.ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுப் பின்கட்டில் பஞ்சதன் கூடத்தை அமைத்தார். அதன் பிறகு ஸ்டுடியோ என்றால் கம்பெனி என்ற நிலை மாறி, படுக்கையறையும் ஸ்டுடியோ ஆயிற்று. அடையாறிலும் மந்தைவெளியிலும் இன்று பாட்டும் குரலும் பதியும் அறைகளில் முதலாளி, பொறியாளர், வாட்ச்மேன் எல்லாம் ஒரே ஆள். திரையை வாய்விட்டுப் படிக்கும் என்விடிஏ மென்பொருளை 2006இல் தொடங்கிய மைக்கேல் கர்ரன் பார்வையற்றவர். ஒலித்தொகுப்புக்கான ரீப்பரைப் பார்வையற்றவர்கள் அதோடு சேர்த்து முழுதாக இயக்குகிறார்கள். முள் ஆடுவதைப் பார்க்க வேண்டிய காலம் போயிற்று. அடையாறு செயின்ட் லூயிஸ், ஜெமினி பக்கத்து லிட்டில் பிளவர் பள்ளிகளில் படித்து வரும் ஒருவர் இந்தத் தொழிலுக்கு வரத் தொழில்நுட்பத்தில் தடையில்லை, வாசல் பூட்டில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல்தன்மையைக் கட்டாயமாக்கியும், விதிகள் அதை வெறும் பரிந்துரையாக நீர்த்துப்போகச் செய்திருந்தன. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் அதைச் சுட்டி, கட்டாய விதிகள் வகுக்கச் சொன்னது. கடையில் விற்கும் கண்ணாடிப் பூட்டு வரை அந்த விதிகள் வந்து சேருமா என்பது அவற்றை எழுதுகிறவர்கள் கையில்.

இரட்டைக் கதவுக்குள் காதடைத்த மனிதருக்கு என்ன வழி என்ற பழைய கேள்வி மிச்சமிருக்கிறது. மணிப்பூட்டு அங்கே உதவாது. அடித்தாலும் கேட்காது, கேட்டால் பதிவு கெடும். சிவப்பு விளக்கு சத்தமில்லாமல் வேலை செய்தது, அந்தக் குணம் மட்டும்தான் நமக்கு வேண்டும். தொடு உணர்ச்சிக்கும் அதே குணம் உண்டு. கைபேசியைத் துடிக்க வைக்கும் பொத்தான் அளவு மோட்டார் ரிச்சி தெருவில் கிடைக்கும். கேட்டிலும் வெளிக்கதவின் நாதாங்கிக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு காந்த சுவிட்ச், அங்கிருந்து கம்பி, நாற்காலியின் கைப்பிடிக்குள் அந்த மோட்டார். கேட் திறந்தால் ஒரு துடிப்பு, கூடத்துக் கதவு என்றால் இரண்டு. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், மைக்கில் எதுவும் விழாது.